என் பெயரில் ஒரு லேடீஸ் சைக்கிள்

என் வீட்டுக்காரர் எனக்கு சைக்கிள் கட்டுகிறார் என்ற செய்தி, பீன்ஸ் வாங்கப் போன இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. ஏற்காடு பஜாரில் காய்கறிக் கடை வைத்திருக்கும் பெண், தராசில் பீன்ஸை அள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னாள். "ஏனுங்கக்கா, உங்களுக்கு ஊட்டுக்காரரு லேடீஸ் சைக்கிள் கட்டறாராமா? நொம்பக் குடுத்து வெச்சவங்க நீங்க."

நான் சைக்கிள் கேட்கவே இல்லை. கேட்டு எதுவும் கிடைத்த பழக்கமும் எனக்கு இல்லை. ஆனாலும் கடைத்தெருவில் நின்று திருதிருவென்று முழிக்க முடியுமா? "ஆமா, கட்டறாரு" என்று சொல்லிவிட்டுப் பையை நீட்டினேன். மரியாதை கூடிப்போய் கொசுறாகக் கொத்தமல்லியும் விழுந்தது.

எங்கள் வீடு நாகலூர் ரோட்டில், ஏரியைத் தாண்டிக் கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. என் தையல் கடை பஜாருக்குள். ஜாக்கெட், பள்ளிக்கூட யூனிஃபார்ம், லாட்ஜ்களுக்குத் திரைச்சீலை, எது வந்தாலும் தைப்பேன். ஊரில் பாதிப் பேருடைய இடுப்பளவு எனக்கு மனப்பாடம் என்பதால் என்னிடம் கொஞ்சம் பார்த்துத்தான் பேசுவார்கள். என்னுடைய ஜாக்கெட்டை மட்டும் பழைய ஜாக்கெட்டை மேலே விரித்து வைத்து வெட்டிக்கொள்வேன். தனக்குத்தானே சரியாக அளவெடுக்க முடியாது. அதற்கென்று இன்னொருவரைக் கூப்பிட எனக்கு நேரம் இருந்ததும் இல்லை.

அவர் ஜீப் டிரைவர். சேலத்திலிருந்து மேலே வரும் ரோடும், நாகலூர், வாழவந்தி பக்கம் எஸ்டேட்டுகளுக்குள் நுழையும் மண் ரோடும் அவருக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். காப்பி மூட்டை, பலாப்பழம், பிரசவத்துக்குப் போகிற பெண், கல்யாணத்துக்குப் போகிற கூட்டம் எல்லாவற்றையும் ஏற்றி இறக்கியவர். போன மழைக்காலத்துக்கு முன்னால் இடுப்பு மூட்டு தேய்ந்துபோய் சேலத்தில் ஆபரேஷன் ஆயிற்று. இனிமேல் ஜீப் கூடாது என்றார் டாக்டர். நடக்கலாம், லேசாக சைக்கிள்கூட மிதிக்கலாம், ஆனால் காலைத் தூக்கிச் சுழற்றிப் போட்டு எதன்மேலும் ஏறக் கூடாது, குனியவும் கூடாது. ஸ்கூட்டி வாங்கலாமா என்று நான் கேட்டேன். மேட்டில் நிறுத்தும்போது அந்தக் கனத்தை ஒற்றைக் காலில் தாங்க வேண்டியிருக்கும், வேண்டாம் என்று டாக்டர் அதையும் மறுத்துவிட்டார்.

ஜீப்பை வேறொருவர் வாங்கிக்கொண்டு போனார். இவர் வீட்டில் உட்கார்ந்தார். முதலில் என் சமையலில் குறை சொன்னார். அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, பேசுகிறாரே என்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஜீப் ஏறும் சத்தத்தை வைத்தே யார் ஓட்டுகிறார், எந்த கியரில் ஏறுகிறார் என்று சொல்வார். "செகண்டுக்கு மாத்தாம உசுர வாங்கறான் பாரு" என்று திட்டுவார். பிறகு ஒரு கட்டத்தில் அதையும் நிறுத்திவிட்டார். ஜீப் போகும், இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இந்த மனுசன் இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து இற்றுப்போய்விடுவார் என்று தோன்றியது.

அதனால்தான், காலையில் யாருடைய ஆட்டோவிலாவது தொற்றிக்கொண்டு கிரில் பட்டறைக்குப் போகிறேன் என்று அவர் கிளம்ப ஆரம்பித்தபோது, எதற்கு என்று நான் வாயைக் கிளறவில்லை. பட்டறைக்காரர் அவருக்கு நெடுநாள் சிநேகிதர். இரண்டு பேரும் டீ குடித்து ஊர்வம்பு பேசட்டும் என்று விட்டுவிட்டேன். சைக்கிள் கட்டப் போகிறார் என்று நான் எங்கே நினைத்தேன்? மலையில் யாராவது சைக்கிள் வைத்துக்கொள்வார்களா? ஏறும்போது நாம் அதைத் தள்ள வேண்டும், இறங்கும்போது அது நம்மைத் தள்ளும்.

காய்கறிப் பையோடு நேராகப் பட்டறைக்குப் போனேன். ஜன்னல் கம்பிகளுக்கும் கேட்டுகளுக்கும் நடுவில் அது நின்றுகொண்டிருந்தது. எங்கள் மகள் சேலத்தில் தங்கிப் படித்தபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள். அவள் கல்யாணமாகிப் போனபின் விறகுக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது. லேடீஸ் சைக்கிள் என்றாலே நடுவில் பார் இருக்காது, சாய்ந்த கம்பிதான் இருக்கும். அந்தக் கம்பியையும் இவர் அறுத்து எடுத்துவிட்டு, இரண்டு குழாய்களை வளைத்து, முன்னாலிருந்து கிட்டத்தட்டப் பெடல் உயரத்துக்கு இறக்கிப் பின்னால் ஏற்றி வெல்டிங் வைத்திருந்தார். வீட்டு வாசற்படியைத் தாண்டுகிற மாதிரி காலை எடுத்து வைத்தால் போதும், ஏறிக்கொள்ளலாம். முன்பக்கப் பல்சக்கரம் சின்னப் பிள்ளைகள் சைக்கிளிலிருந்து எடுத்தது. மேட்டில் லேசாக மிதிக்கலாமாம். டயர் பட்டையாக இருந்தது. முன்னால் பெரிய கூடை, பின்னால் மூட்டை தாங்கும் கேரியர், சேலை சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்துக்கு வலை, பனிமூட்டத்துக்கென்று ஜீப்பிலிருந்து கழற்றி வைத்திருந்த மஞ்சள் லைட். பெயின்ட் மட்டும் இன்னும் அடிக்கவில்லை.

என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது. "உனக்குத்தான். சொல்லாம செய்யலாம்னு பாத்தேன்" என்றார். பட்டறைக்காரர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

நான் வண்டியைச் சுற்றி வந்தேன். துணி தைக்கிறவள் கண்ணுக்கு அளவு தப்பாது. சீட் நின்ற உயரத்துக்கு என் கால் பெடலைத் தொடவே தொடாது. ஹேண்டில்பார் இருந்த தூரத்துக்கு என் கை ஒரு சாண் குறையும். அது அவருடைய கைநீளம், அவருடைய கால்நீளம். கேரியரில் ஒரு கல் தொங்கியது. மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைக்காமல் நடக்க வராது. ஜீப்பிலும் எப்போதும் ஒன்று கிடக்கும். ஆனால் இந்தக் கல்லுக்குக் கம்பியைச் சுற்றி, முழங்கால் உயரத்துக்கும் மேலே நீளமான பிடி வைத்திருந்தார். குனியாமல் கல்லை வைக்க, குனியாமல் எடுக்க. என் முதுகு நன்றாகத்தான் குனிகிறது.

எல்லாம் விளங்கிவிட்டது. மலை ரோட்டில் லாரிக்கு எதிரே ஜீப்பை நுழைத்தவர், ஜீப் ஸ்டாண்டில் இருக்கிற ஆட்கள் பார்க்க லேடீஸ் சைக்கிளில் போவதா என்று வெட்கம். அந்த வெட்கத்துக்கு என் சேலையை எடுத்துப் போர்த்திக்கொண்டார். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. என்னிடமாவது சொல்லியிருக்கலாமே? அப்புறம் அவர் கையைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனுசனின் கை அது. இப்போது நான் உண்மையைப் போட்டு உடைத்தால், அந்த வண்டியை அன்றைக்கே எடைக்குப் போட்டுவிட்டு மறுபடியும் சுவருக்குத் திரும்பிவிடுவார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. எனக்கு நீலக் கலர் அடிச்சுக் குடுங்க" என்றேன்.

அன்றிலிருந்து பஜாரில் கேட்டவர்களுக்கெல்லாம் எனக்குத்தான் என்று நானே சொல்லிவிட்டேன். பொய்யைச் சொன்னால் அழுத்திச் சொல்ல வேண்டும். அதில் நான் குறை வைக்கவில்லை. அதன் பலன், வண்டி தயாரானதும் முதலில் ஓட்ட வேண்டியது நான்தான் என்று ஆகிவிட்டது.

சின்ன வயதில் சமவெளியில் அப்பாவின் சைக்கிளைக் குரங்குப் பெடல் போட்டு ஓட்டியவள் நான். அந்தத் தைரியத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டு வாசலில் ஏறினேன். சீட்டை இறக்கித் தரச் சொன்னதற்கு அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இறக்கினார். ஏறுவது உண்மையிலேயே சுலபமாக இருந்தது. வாசலில் ரெண்டு மிதி மிதித்ததும் ரோடு இறங்க ஆரம்பித்தது. நான் காலை நிறுத்தினேன். பெடல் நிற்கவில்லை. தானாகச் சுற்றியது. காலையும் பிடித்து இழுத்துக்கொண்டு சுற்றியது. வண்டி வேகம் பிடிக்கப் பிடிக்க என் தையல் மெஷின் சக்கரம் மாதிரி பெடல் பறந்தது. நான் இரண்டு காலையும் விரித்துத் தூக்கிக்கொண்டு, பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரோட்டோர உண்ணிச்செடிப் புதரைப் பார்த்து வண்டியைத் திருப்பினேன். வேகம் குறைந்ததும் சீட்டிலிருந்து முன்னால் வழுக்கி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, அந்தப் பார் இல்லாத இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். கையில் சில கீறல். வேறு ஒன்றும் இல்லை.

அவர் கம்பை ஊன்றிக்கொண்டு முடிந்த மட்டும் வேகமாக வந்தார். முகம் வெளுத்திருந்தது. பெடல் ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன். சொன்னார். சைக்கிளில் காலை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டுக்கு ஓடுகிறதே, அதற்கு ஃப்ரீவீல் என்று ஒரு சாமான் உண்டு. அதை இவர் வெல்டிங் வைத்து அடைத்துவிட்டாராம்.

"எறக்கத்துல வண்டி நியூட்ரல்ல போகக் கூடாது புள்ள. சைக்கிள் எப்பவுமே நியூட்ரல்லதான் எறங்குது. அதான் கியர் புடிக்கிற மாதிரி பண்ணி வெச்சேன்."

மலையில் இறங்கும்போது வண்டியை நியூட்ரலில் விடக் கூடாது என்பது ஜீப் டிரைவர்களுக்கு வேத வாக்கு. இன்ஜின்தான் வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக்கை நம்பக் கூடாது. சரிதான். ஆனால் இந்த வண்டிக்கு இன்ஜின் யார்?

"இன்ஜின் நானுங்க. நான் இன்ஜினுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எண்ணெயாவது ஊத்திக்கிட்டு வந்திருப்பேன்" என்றேன். ரோட்டில் நின்று இன்னும் நிறையப் பேசினேன். அதையெல்லாம் எழுத முடியாது. அவர் நான் நின்றிருந்த இடத்தையே, அந்தத் தாழ்ந்த குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லவேளை, பார் இல்ல" என்றார் கடைசியில். எனக்கு அதற்குமேல் திட்ட வரவில்லை.

மறுநாளே புது ஃப்ரீவீல் மாட்டினார். முன்னும் பின்னும் பிரேக் கட்டைகளை மாற்றினார். அதைச் சரிபார்க்க யாராவது ஓட்ட வேண்டுமே? நான் இனி அதைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பாதி உண்மையாகவே பயம், பாதி வேண்டுமென்றே. அவர் சீட்டைப் பழைய உயரத்துக்கு ஏற்றினார். ஊர் கண்விழிக்கும் முன்னால், பனி மூடியிருந்தபோது, மஞ்சள் லைட்டைப் போட்டுக்கொண்டு ஏரி வரைக்கும் போய்த் திரும்பினார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். வாசற்படி தாண்டுவது மாதிரிக் காலை எடுத்து வைத்தார். தாவவில்லை, நொண்டவில்லை. அவர் முதுகு பனிக்குள் மறைகிற வரைக்கும் நான் ஜன்னல் கம்பியை விடவில்லை. திரும்பி வந்தவர் ரெண்டு தோசை கூடக் கேட்டார். சட்னியில் உப்பு கூட என்றார். எனக்கு அந்தக் குறை தேனாக இனித்தது.

அதற்கப்புறம் பிரேக் சரிபார்க்கிற வேலை முடியவே இல்லை. ஒரு நாள் காற்றுப் பார்க்கப் போனார், ஒரு நாள் செயினுக்கு எண்ணெய் போடப் போனார். பிறகு எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தார். கூடையில் டிபன் கேரியரும், வழியில் வாங்கிய கீரையும் இருக்கும். கடை வாசல் சரிவில் வண்டியை நிறுத்தி, கம்பிப் பிடியைப் பிடித்துப் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பார். ஒரு தடவை கல்லை எடுக்க மறந்து மிதித்துவிட்டு, வண்டி நகராததற்கு என் வாசலைக் குறை சொன்னார். யாராவது பார்த்துவிட்டால் உடனே, "ஊட்டுக்காரம்மா வண்டிங்க. ட்ரையல் பாக்கறேன்" என்பார். என் வண்டிக்கு என் அனுமதியில்லாமல் ஊரெல்லாம் ட்ரையல் நடந்துகொண்டிருந்தது. அவர் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. ராத்திரியில் யார் எந்த கியரில் ஏறுகிறார் என்று மறுபடியும் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஜீப் ஸ்டாண்டில் அவரோடு வெகுநாள் ஒன்றாக ஓட்டிய பெரியவர் ஒருவர், ஒரு மதியம் என் கடைக்கு வந்து நின்றார். இவர் அப்போதுதான் சாப்பாட்டை வைத்துவிட்டு வாசலில் நின்றிருந்தார். இரண்டு கடை தள்ளி இருந்த டீக்கடையில் இன்னும் சில டிரைவர்கள் இருந்தார்கள்.

"தங்கச்சி, எம் மருமவ ஏரிக்கரை லாட்ஜுக்கு வேலைக்குப் போறா. தெனமும் நடை" என்றார் பெரியவர். "இந்த வண்டி உனக்குச் சும்மாதான நிக்குது? நான் பாக்கறப்பல்லாம் உங்க ஊட்டுக்காரருதான் பிரேக்கு பாத்துட்டுத் திரியறாரு. எங்களுக்குக் குடுத்துரு சாமி. வெலை என்னவோ பேசிக்கலாம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வண்டி என்னுடையது அல்லவா? இவரும் என்னைத்தான் பார்த்தார். முடியாது என்று நான் சொல்வேன் என்ற நம்பிக்கை அந்தக் கண்ணில் நன்றாகவே தெரிந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்னும் கொஞ்ச காலம் ட்ரையல் ஓடும். ஆனால் அதற்குப் பிறகும் யாராவது கேட்பார்கள், கேலி வரும், என்றைக்காவது ஒரு நாள் அந்த வெட்கம் வண்டியை மறுபடியும் விறகுக் கொட்டகைக்குள் தள்ளிவிடும். என் வண்டி என்று அவரே வாயைத் திறந்து சொன்னால்தான் அது நிலைக்கும். கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தேன்.

"தாராளமா எடுத்துட்டுப் போங்கண்ணா. எனக்குக் கால் எட்டறதும் இல்ல, ஓட்ட நேரமும் இல்ல" என்றேன்.

பெரியவர் நல்லது தங்கச்சி என்று சொல்லி ஹேண்டில்பாரைப் பிடித்தார். சக்கரத்துக்கு வைத்திருந்த கல்லைக் காலால் நகர்த்தப் போனார். இவர் சும்மா நின்றார். போச்சு, கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"கல்ல எடுக்காத பங்காளி" என்றார் இவர்.

பெரியவர் காலை எடுத்துக்கொண்டார்.

"அது என் வண்டி. எனக்குக் கட்டுனது. காலத் தூக்கிப் போட முடியல, அதான் பார் இல்லாம கட்டுனேன். அவ பேரச் சும்மா சொன்னேன்."

இவர் காது சிவந்திருந்தது. யாராவது சிரித்தால் அந்தக் கத்தரிக்கோலோடு வெளியே போவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். பெரியவர் வண்டியின் தாழ்ந்த குழாய்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் வலது முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

"இத்தன நாளு சொல்லாம இருந்துட்டியே பங்காளி. எனக்கு இந்த முட்டி சரியா மடங்கறதே இல்ல. எங்க, நான் ஏறிப் பாக்கட்டுமா?"

ஏறினார். டீக்கடை வரை போய்த் திரும்பினார். மற்ற டிரைவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். வருசக்கணக்காக ஜீப் ஓட்டினவர்களில் இடுப்பு, முட்டி, முதுகு என்று ஏதாவது ஒன்று போகாத ஆளே இல்லை. குழாயை எப்படி வளைத்தாய், வெல்டிங் மூட்டுக்கு ஏன் தகடு வைத்தாய் என்று கேள்வியாகக் கேட்டார்கள். இவர் சாப்பாட்டை மறந்து விளக்கிக்கொண்டிருந்தார். பெரியவருக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று என்று அங்கேயே பேச்சாயிற்று. ஃப்ரீவீலுக்கு வெல்டிங் வைக்க வேண்டாம் என்று நான் உள்ளேயிருந்து சொன்னேன்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது, துணியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். கூடவே, சொன்னால் சிரிப்பீர்கள், வயிறும் கொஞ்சம் எரிந்தது. ஊரெல்லாம் என் சைக்கிள், என் சைக்கிள் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது என்னுடையது என்று ஒரு நினைப்பு வந்திருந்தது. நீலக் கலர் நான் கேட்டது. காலை ஊன்றி அதன் நடுவில் முதலில் நின்றவள் நான். இப்போது நான் சும்மா பேருக்குத்தான் என்று எல்லார் முன்னாலும் ஆகிவிட்டது. ஒரு ஜாக்கெட்டுக்குக் கைக்குழியைக் கோணலாக வெட்டிவிட்டேன்.

கடை மூடுகிற நேரத்தில் அவர் உள்ளே வந்தார். மெஷின் மேல் கிடந்த அளவு டேப்பை எடுத்தார்.

"நிமுந்து நில்லு புள்ள."

"எதுக்குங்க?"

"காலளவு வேணும். உன் அளவுக்கு ஒண்ணு கட்டோணும். பெரியவருக்கு அப்பறமாப் பாத்துக்கலாம்."

டேப்பின் ஒரு முனையை என் இடுப்பில் வைத்தார். மறுமுனை தரைக்குத் தொங்கியது. அவரால் குனிய முடியாது. அதனால் அந்த முனையை நான் என் குதிகாலால் மிதித்துக்கொண்டேன். அவர் கண்ணைச் சுருக்கி அளவைப் படித்தார், தப்பு என்றார், மறுபடியும் படித்தார். ஊரில் எத்தனையோ பேருக்கு நான் அளவெடுத்திருக்கிறேன். எனக்கு ஒருவர் அளவெடுக்கும்போது நான் அசையாமல் நின்றது அதுதான் முதல் தடவை. கையையும் நீட்டச் சொன்னார். நீட்டினேன்.